பம்பையும் எண்ணுங்கள், ஆட்களையும் எண்ணுங்கள்: இங்கிலாந்து பப்களில் காஸ்க் ஏல்

சென்னையிலிருந்து வரும் நண்பர்களைப் பப்புக்கு அழைத்துப் போனால் முதல் கேள்வி, “கூலிங்கா இருக்குமா?” என்பதுதான். இருக்காது. 11 முதல் 13 டிகிரிக்குள் வைத்திருக்கும் நிலவறையிலிருந்து காஸ்க் ஏல், அதாவது பீப்பாய்க்குள்ளேயே பதமாகும் பாரம்பரிய இங்கிலாந்து பீர், நேராக மேலே வருகிறது. கிளாஸ் வியர்க்காது, தொண்டையில் சுர்ரென்று இறங்காது. முதல் மடக்கில் “என்னய்யா, நேத்து திறந்து வச்ச பீர் மாதிரி இருக்கு” என்று முகம் சுளிப்பார்கள். பாதி கிளாஸ் போன பிறகு பேச்சு குறையும். ஐஸ் குளிரில் நாக்கு மரத்துப்போய்த் தெரியாமலே போகிற மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) இனிப்பும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் அப்போதுதான் தெரிய ஆரம்பிக்கும். சிலருக்கு அதற்குப் பிறகும் பிடிக்காது. பரவாயில்லை, பக்கத்திலேயே சில்லென்ற லாகர் பீர் இருக்கிறது.

நான் இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸில் வேலை பார்க்கிறவன். வார இறுதிகளில் ரயிலும் பஸ்ஸுமாக ஊர் ஊராகப் போய்ப் பழைய பப்களில் உட்கார்ந்து பழகிவிட்டது. அதில் தெரிந்துகொண்ட பெரிய விஷயம், எந்த பீர் என்பதைவிட எந்த பப், என்றைக்கு, எந்த நேரம் என்பதுதான் முக்கியம். பீர் வடிக்கும் புரூவரியில் பாதி வேலைதான் முடிகிறது. மீதி பாதி பப்பின் நிலவறையில் நடக்கிறது.

கெக் என்ற உலோகப் பீப்பாயில் வரும் சாதாரண பீரை வடிகட்டி, பெரும்பாலும் சூடுபடுத்தி, ஈஸ்ட்டை ஒழித்துவிட்டு, கார்பன் டை ஆக்ஸைடு அழுத்தத்தில் அடைத்து அனுப்புகிறார்கள். வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். காஸ்க் ஏலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பப்புக்கு வந்த பிறகும் பீப்பாய்க்குள் மெதுவாக நொதித்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வாயு செலுத்துவதில்லை. கைப்பம்பை இழுத்தால் பீர் மேலே வரும், அது காலி செய்த இடத்துக்குள் காற்று போகும். காற்று போன பிறகு அதன் ஆயுள் மூன்று நாள்தான். காலையில் இறக்கிய கள்ளுக்கும் சாயங்காலம் வரை நின்ற கள்ளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

ஷெஃபீல்டில் ஒரு பப்காரர், கூட்டமில்லாத ஒரு மதியம், நான் துருவித் துருவிக் கேட்பதைப் பார்த்துவிட்டு, “கீழே வந்து பாரேன்” என்று அழைத்துப் போனார். சுண்ணாம்படித்த தாழ்வான அறை. மரச்சட்டத்தின் மேல் பீப்பாய்கள் படுக்கவைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேல்பக்கமும் சுண்டுவிரல் அளவு மூங்கில் முளை ஒன்று. அதற்கு ஸ்பைல் என்று பெயர். அதன் வழியே வாயு கசிந்து, முளையைச் சுற்றி நுரை பூத்திருந்தது. அவர் துணியால் நுரையைத் துடைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். சில நொடிகளில் மறுபடி நுரை எட்டிப் பார்த்தது. “இது இன்னும் ஆடுது. நாளைக்கு ராத்திரிதான்” என்றார். அடுத்த பீப்பாயில் துடைத்த இடம் துடைத்தபடியே இருந்தது. அதில் வாயு கசியும் மூங்கில் முளையைப் பிடுங்கிவிட்டுக் காற்றுப் புகாத கெட்டி முளையை அடித்தார். இருக்கிற வாயு இனி வெளியே போகக் கூடாது. இந்தக் கணக்கில் ஒரு நாள் முந்தினால் பீர் பதம் வராமல் பச்சையாக இருக்கும், பிந்தினால் சப்பென்று போய்விடும்.

அங்கேதான் எனக்கு அந்தக் கணக்கு பிடிபட்டது. பப்களில் அதிகம் காணும் பீப்பாய் 9 கேலன் கொள்ளும். அதன் பெயர் ஃபர்கின். 72 பைன்ட், ஒரு பைன்ட் என்பது அரை லிட்டருக்குச் சற்று மேல். மூன்று நாளில் தீர வேண்டுமென்றால் ஒரு பம்புக்கு நாளைக்கு 24 பைன்ட் போக வேண்டும். எட்டுப் பம்பு என்றால் நாளைக்கு 192. இப்போது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் பப்பில் எட்டுப் பம்பைப் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்? நான் கோக் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அதே நான்கு பேர், ஆனால் இரண்டே பம்பு என்றால் தைரியமாக உட்காரலாம். பம்பு அதிகம் இருந்தால் பப் நல்லது என்று நம்மூர் ஆட்கள் மட்டுமில்லை, ஆங்கிலேயர்களே நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் முடிந்தால் வியாழன் மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரைக்குள் போங்கள். திங்கட்கிழமை கிடைப்பது பெரும்பாலும் வார இறுதியின் மிச்சம். நான்கு பம்பில் எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் “இன்றைக்கு எது நன்றாகப் போகிறது?” என்று கேட்டாலே போதும். அந்த ஊர்க்காரர்கள் எதைக் குடிக்கிறார்களோ அதுதான் வேகமாகத் தீரும் பீப்பாய். வாசலில் காஸ்க் மார்க் என்ற வட்டப் பலகை இருந்தால், யாரோ வந்து சூட்டையும் சுவையையும் சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். கேம்ரா என்ற நுகர்வோர் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் பப் வழிகாட்டியும் நம்பகமானது. 1971-ல் அயர்லாந்துக்குச் சுற்றுலா போன நான்கு ஆங்கிலேய இளைஞர்கள், கெக் பீர் எல்லாவற்றையும் விழுங்குகிறதே என்ற எரிச்சலில் தொடங்கிய அமைப்பு அது. அவர்கள் இல்லாவிட்டால் நான் இப்படிச் சுற்றுவதற்கு இங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

சைவர்களுக்கு ஒரு விஷயம். ஈஸ்ட்டை அடியில் படியவைக்கப் பெரும்பாலான காஸ்க் ஏலில் இஸிங்கிளாஸ் சேர்க்கிறார்கள். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது அது, நம் கடற்கரையில் நெட்டி என்கிறார்களே, அதே வகை. பெரும்பகுதி கசடோடு அடியில் தங்கிவிடும் என்பார்கள். அது உங்களுக்குச் சமாதானமாக இல்லையென்றால், இஸிங்கிளாஸ் சேர்க்காத பீர் இருக்கிறதா என்று கேளுங்கள். இப்போது பல சிறு புரூவரிகள் அப்படி வடிக்கின்றன. பார்க்கக் கலங்கலாக இருக்கும். சுவையில் பழுது கிடையாது.

பப்புக்குள் நடந்துகொள்ளும் முறை பற்றிக் கொஞ்சம். மேசையில் உட்கார்ந்துகொண்டு சர்வருக்காகக் காத்திருந்தால் விடிந்துவிடும். பாரில் போய்க் கேட்டு, காசைக் கொடுத்து, நீங்களே எடுத்து வர வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. யார் முதலில் வந்தார் என்று பார்க்காரருக்கும் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். நோட்டை ஆட்டிக் கூப்பிட்டால் உங்களைக் கடைசியில்தான் கவனிப்பார்கள். அவசரத்தில் உங்களிடம் முதலில் கேட்டுவிட்டால், “இவர் எனக்கு முன்னால் வந்தார்” என்று கை காட்டுங்கள். அப்புறம் அந்த மனிதரே உங்களிடம் பேச்சுக் கொடுப்பார். எனக்குக் கிடைத்த நல்ல தகவல்களில் பாதி அப்படி வந்தவைதான்.

வாங்குவதற்கு முன் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம், சின்ன கிளாஸில் தருவார்கள். சனிக்கிழமை இரவு கூட்டத்தில் ஐந்தாறு கேட்டு நிற்காதீர்கள். பம்பின் முன்னால் இருக்கும் பெயர்ப் பட்டை திருப்பி வைத்திருந்தால் அந்த பீர் இப்போது இல்லை என்று அர்த்தம். அரை பைன்ட் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது. பல இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பைன்ட்டும் கிடைக்கும், அது சட்டப்படியான அளவுதான். முழு பைன்ட் 568 மில்லி. நுரை அதிகமாகி பீர் குறைந்தால், “கொஞ்சம் நிரப்பித் தர முடியுமா?” என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் நிரப்புவார்கள்.

கெட்டுப்போன பீரைத் திருப்பிக் கொடுப்பதுதான் நம் ஆட்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. கடலோர ஊர் ஒன்றில் எனக்கு வந்த கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே காடி வாடை. மேசையில் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர், “பாதி குடிச்சப்புறம் போனா மரியாதை இருக்காது, இப்பவே போ” என்று விரட்டினார். போனேன். பார்ப்பெண் மோந்து பார்த்துவிட்டு, மறுவார்த்தை பேசாமல் வேறு பீர் ஊற்றிக் கொடுத்து, அந்தப் பட்டையைத் திருப்பி வைத்தாள். காடி வாடை, பாப்கார்ன் வெண்ணெய் வாடை, நனைந்த அட்டை வாடை இந்த மூன்றும் வந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பீர் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம், அதற்குத் திருப்புவது முறையில்லை.

ஒரு வாடைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பர்ட்டன் அப்பான் ட்ரென்ட் ஊர் பீரில், ஊற்றிய உடனே தீக்குச்சி உரசின மாதிரி ஒரு கந்தக நெடி வரும். அந்த ஊர்க் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம், அதன் வேலை அது. அந்த நீர்தான் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கிக் காட்டுகிறது. 1820களில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலேற்றிய வெளிர்நிற பீரில் பர்ட்டன் முன்னுக்கு வந்ததும் அந்த நீரால்தான். இன்று ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்று உலகம் முழுக்க விற்கிறதே, அதன் பூர்வீகம் இந்த வியாபாரம். பர்ட்டனில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கூப்பர்ஸ் டேவர்ன் இருக்கிறது. ஒரு காலத்தில் பாஸ் புரூவரியோடு சேர்ந்த கட்டடம். பின்னறையில் பீப்பாய்கள் கண்ணெதிரே கிடக்கும். பாஸ் பீரைப் பம்பில்லாமல் பீப்பாயிலிருந்தே பிடித்துத் தருகிறார்கள். அதன் சிவப்பு முக்கோணம்தான் 1876-ல் பிரிட்டன் பதிவு செய்த முதல் வணிகச் சின்னம். இப்போது அந்த பிராண்ட் ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் கையில். இந்த ஊரின் பெருமையாக இருந்த யூனியன் முறையை, அதாவது வரிசையாகக் கோத்த மரப் பீப்பாய்களில் நொதிக்கவைக்கும் முறையை, மார்ஸ்டன்ஸ் புரூவரியில் 2024-ல் நிறுத்திவிட்டார்கள். ஒரு செட்டை டெர்பிஷையரில் பேக்வெல் ஊரில் இருக்கும் தார்ன்பிரிட்ஜ் புரூவரி எடுத்துக்கொண்டு அதில் வடிக்கிறது. பர்ட்டன் இழந்ததை பேக்வெல்லில் போய்த்தான் குடிக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் போகிற பப்கள் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. லண்டன் சதக்கில் 1677-ல் மறுபடி கட்டிய ஜார்ஜ் இன் பார்க்க வேண்டிய கட்டடம். லிவர்பூல் ஃபில்ஹார்மானிக்கில் ஆண்கள் கழிப்பறையின் பளிங்கைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். நாட்டிங்காமின் ட்ரிப் டு ஜெருசலேம் சுவரில் 1189 என்று எழுதியிருக்கும். இப்போதிருக்கும் கட்டடம் அதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னால் வந்தது. ஆனால் பாறையைக் குடைந்த அந்த அறைகளில் உட்கார்ந்தால் வருடத்தைப் பற்றிச் சண்டை போடத் தோன்றாது. ‘மிகப் பழமையான பப்’ என்ற பலகையைத் தேடிப் போவதைவிட ‘நிறைய விற்கிற பப்’பைத் தேடிப் போவது வயிற்றுக்கு நல்லது.

ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பிளாக் கன்ட்ரிக்குப் போங்கள் என்பேன். பர்மிங்காமுக்கு மேற்கே, ஒரு காலத்தில் நிலக்கரியும் இரும்புமாக இருந்த ஊர்கள். அழகான கிராமம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அங்கே முக்கிய ஊரான டட்லிக்குள் ரயில் நிலையம் கிடையாது, பெரும்பாலும் பஸ்ஸில்தான் சுற்ற வேண்டும். உலைக்களத்தில் வேலை பார்த்தவர்களின் தாகத்துக்காக வடித்த பீர் என்பதால் இந்தப் பக்கத்தில் லேசான இனிப்பு இருக்கும், மைல்ட் என்ற கறுப்பு ரகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. விலையும் லண்டனைவிட நன்றாகவே குறைவு.

பிரையர்லி ஹில்லில் பாதம்ஸ் புரூவரியை ஒட்டி இருக்கும் பப் வைன். ஊர்க்காரர்கள் புல் அண்ட் பிளாடர் என்றுதான் சொல்வார்கள், முன்பு கசாப்புக் கடையாக இருந்த இடமாம். முகப்பில் ஷேக்ஸ்பியரின் வரி ஒன்று, நல்ல ஏல் வடிக்கிறாய், நீ நன்றாக இருக்க வேண்டும் என்கிற பொருளில். உள்ளே சின்னச் சின்ன அறைகள். 4.3 சதவீத பாதம்ஸ் பிட்டர் (கசப்பு ரக ஏல்) வெளிர் பொன் நிறம், முதலில் இனிப்பது போலப் போக்குக் காட்டிவிட்டுக் கசப்பில் முடியும். புரூவரி ஒட்டினாற்போல் இருப்பதாலும் கூட்டம் ஓயாததாலும் அங்கே எந்தக் கிழமையில் போனாலும் எனக்குப் பழைய பீர் வந்ததில்லை. சாப்பிட காப், அதாவது உருண்டையான பன். சீஸும் தடிமனாக அரிந்த பச்சை வெங்காயமும் வைத்தது சைவர்களுக்கு. மற்றவர்களுக்குப் பன்றித் தோல் வறுவல். பல் பத்திரம்.

நெதர்டனில் ஓல்டு ஸ்வான். மா பார்டோஸ் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள், நெடுங்காலம் நடத்திய அம்மாவின் பெயர் அது. 1970களின் தொடக்கத்தில், பப்பிலேயே சொந்தமாக பீர் வடிக்கும் இடங்கள் பிரிட்டன் முழுவதிலும் நான்கே நான்கு மிஞ்சியிருந்தன. இது அதில் ஒன்று. முன்னறையில் உட்கார்ந்தால் நிமிர்ந்து பாருங்கள், எனாமல் தகட்டுக் கூரையில் பெரிய அன்னம்.

செட்ஜ்லியின் பீக்கன் ஹோட்டல் எனக்கு ரொம்பப் பிடித்தது. நடுவில் கூண்டு போல ஒரு சிறிய பார், அதைச் சுற்றி அறைகள். பார்க்காரர் முகம் தெரியாது. குனிந்து சின்னச் சன்னல் வழியே கேட்க வேண்டும். ஒரு கை கிளாஸை நீட்டும், காசை வாங்கிக்கொள்ளும். “வேறென்ன வேணும், பேப்?” என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். பேப் என்பது அந்தப் பக்கத்தில் யாரையும் அழைக்கும் செல்லச் சொல், வயசு வித்தியாசம் கிடையாது. 1920களின் தொடக்கத்தில் இந்தப் பப்பை வாங்கிய சாரா ஹ்யூஸ் என்ற பெண்மணியின் செய்முறையை வைத்து, நின்றுபோயிருந்த புரூவரியை 1987-ல் அவருடைய பேரன் மறுபடி தொடங்கினார். டார்க் ரூபி மைல்ட் 6 சதவீதம். மைல்ட் என்ற பெயரை நம்பி இரண்டு பைன்ட் குடித்துவிட்டு எழுந்து பாருங்கள், பெயர் எதைச் சொல்கிறது என்று யோசிப்பீர்கள். அரை பைன்ட்டே தாராளம்.

இப்படிப் பழைய பப்களில் சில மதியம் மூடிவிட்டுச் சாயங்காலம்தான் திறக்கும். முதல் உலகப் போரில், ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கக் கூடாது என்று கொண்டுவந்த மதிய அடைப்பு 1988 வரை சட்டமாகவே இருந்தது. சட்டம் போன பிறகும் சில இடங்களில் வழக்கம் போகவில்லை. கிளம்பும் முன் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், சமையலறை நேரத்தையும் தனியாகப் பாருங்கள். பப் பதினொன்று வரை திறந்திருந்தாலும் அடுப்பை அதற்கு வெகு முன்பே அணைத்துவிடுவார்கள்.

கார் வேண்டவே வேண்டாம். 4 சதவீத பீர் ஒரு பைன்ட் என்பது ஆல்கஹால் கணக்கில் 2.3 யூனிட். மருத்துவ ஆலோசனைப்படி வாரத்துக்கே 14 யூனிட்தான் உச்சம். நாளுக்கு நான்கு பப் என்று திட்டமிட்டால் நான்கு அரை பைன்ட், இடையிடையே தண்ணீர், நடுவில் ஒரு சாப்பாடு. அதுதான் என் கணக்கு.

சாப்பாடு என்றதும் தேசி பப், அதாவது இந்தியக் குடும்பங்கள் நடத்தும் பப் பற்றிச் சொல்ல வேண்டும். 1960களில் பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்கின் வார்ப்பாலைகளில் வேலை பார்த்த பஞ்சாபிகளுக்குப் பல பப்களில் நல்ல அறைகளில் இடம் தர மாட்டார்கள். 1965 பிப்ரவரியில், கொல்லப்படுவதற்கு ஒன்பது நாள் முன்னால், அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அங்கே வந்து புளூ கேட்ஸ் பப்பின் அறையொன்றில் பீர் கேட்டார். மறுத்துவிட்டார்கள். பொது இடங்களில் நிறபேதம் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அந்த வருடக் கடைசியில் வந்தது. இன்று அதே வட்டாரத்தில் இந்தியக் குடும்பங்கள் நடத்தும் பப்கள் நிறைய. கரி அடுப்பில் வாட்டிய மிக்ஸ்டு கிரில் வெங்காயத்தோடு புகைந்துகொண்டே வரும். ஒரு பிளேட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். பக்கத்து மேசையில் வெள்ளைக்காரத் தாத்தாக்கள் டாமினோ ஆடுவார்கள். பலவற்றில் ஓரிரு கைப்பம்பும் இருக்கும், பஞ்சாபி வறுவல் காரத்துக்கு இனிப்பு கலந்த மிட்லண்ட்ஸ் பிட்டர் அசத்தலாகப் பொருந்தும். வெஸ்ட் பிராமிச்சில் வைன் என்ற பப் இந்த வகையில் பேர் போனது. கால்பந்து மைதானம் பக்கத்திலேயே, அதனால் ஆட்டம் நடக்கும் நாளில் உட்கார இடம் கிடைக்காது.

கவனித்திருப்பீர்கள், இதற்குள் இரண்டு வைன் வந்துவிட்டது. ரெட் லயன் என்ற பெயரில் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பப்பின் பெயரை மட்டும் சொல்லி டாக்ஸியில் ஏறாதீர்கள், தெருப் பெயரையும் போஸ்ட்கோடையும் முதலிலேயே போனில் குறித்து வையுங்கள். முக்கியமாகக் கடைசிப் பப்புக்கு.